பேச்சியம்மாளிடம் சொல்வோம்

ஆடிட்டர் மேடம் தன் நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். வரிசையாகப் பன்னிரண்டு டோக்கன் எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதில். பன்னிரண்டில் ஒன்பது இடத்தில் ஒரே பெயர் எழுதியிருந்தது.

பேச்சியம்மாள்.

“இவங்க யாரு?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அதுதான்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சரசு. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர்களை அனுப்புவார்கள். தீயணைப்பு சிலிண்டரில் தேதி இருக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, ரெஜிஸ்டரில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று அவர்கள் ஒன்று விடாமல் பார்ப்பார்கள். கடைசியில் வேலை செய்கிற பன்னிரண்டு பேரை அவர்களே பொறுக்கி எடுத்து, எங்கள் ஆள் ஒருத்தர்கூட இல்லாத அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அதில் ஒரு கேள்வி, “உங்களுக்கு ஒரு குறை இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்?”

அதற்கான விடை எங்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. குறைதீர் கமிட்டி, ஐந்து பெயர், ஐந்து போட்டோ. முதல் போட்டோ என்னுடையது. நானே டைப் அடித்து, நானே ஃபிரேம் போட்டு, சாப்பிடப் போகிற வழியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியிருந்தேன். ஒரே ஒருத்தர்கூட அந்த ஐந்து பேரில் ஒரு பெயரைச் சொல்லவில்லை.

“போன வாரம்கூட அவங்ககிட்டச் சொன்னேன்னு ஒரு பொண்ணு சொல்லுது,” என்றார் ஆடிட்டர் மேடம். சென்னைக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், அதனாலேயே பயமாக இருந்தது. “வயசு அறுபது இருக்கும்னு ஒருத்தர், இருபத்தஞ்சுன்னு ஒருத்தர். ஜன்னல் பக்கம் உட்காருவாங்களாம். ஆனா உங்க ரெஜிஸ்டர்ல இந்தப் பேர்ல யாருமே இல்லை. அவங்களை இன்னைக்கு எங்கே வெச்சிருக்கீங்க?”

அவர் என்ன நினைக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ரெஜிஸ்டரில் ஏற்றாமல் ஆள் வைத்திருக்கிற கம்பெனிகள் உண்டு. ஆடிட் அன்றைக்கு அப்படிப்பட்டவர்களைப் பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, சாயந்திரம் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாங்களும் ஓர் ஆளை அப்படி ஒளித்து வைத்திருக்கிறோம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அதை மட்டும் அவர் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் சர்ட்டிபிகேட் போய்விடும். சர்ட்டிபிகேட் இல்லையென்றால் பையர் இல்லை. பையர் இல்லையென்றால் மாடியிலும் கீழேயுமாக ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை மெஷினும் நின்றுபோகும்.

“நாலு மணிக்கு க்ளோசிங் மீட்டிங். அதுக்குள்ள அவங்களை எனக்குக் காட்டுங்க.”

பேச்சியம்மாள் இறந்துபோய் ஆறேழு வருடம் இருக்கும்.

ஜன்னல் பக்கத்து ஸ்டூல்

நான் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பவர்லூம் சத்தத்தில் பிறந்து, அதிலேயே தூங்கி வளர்ந்தவள். தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். செக்கிங் வேலைக்கென்று திருப்பூருக்கு வந்தபோது, மெஷின் சத்தத்தில் காது அடைக்கிறது என்று மற்றப் பெண்கள் புலம்புவார்கள். எனக்கு அது ஊரில் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

செக்கிங் என்றால் என்னவென்று ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார். தைத்து வந்த பனியனைக் கையில் எடுத்து, உள்ளே ஒரு கையை விட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்ட வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இதுதான், திரும்பத் திரும்ப இதேதான். பதினோரு மணிக்கெல்லாம் கண் திறந்திருக்கும், பார்க்காது. ஓட்டை கண்ணுக்கு முன்னாலேயே போய்விடும்.

எங்கள் மேஜையில் அப்படிப் போகாது. காரணம், ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஒரு கரிசல் ஊர். மழை பொய்த்துப் பிழைக்க வந்தவர். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் பனியன் டேப்பைக் கட்டியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் கதை.

“ஒரு ஊர்ல ஒரு ராசா. ராசான்னா ரொம்பப் பெரிய ராசா இல்லட்டி. நம்ம சூப்பர்வைசர் அளவுக்கு ஒரு ராசான்னு வச்சுக்கிடுங்க.”

இப்படித்தான் ஆரம்பிப்பார். குரலைத் தூக்க மாட்டார். மெஷின் சத்தத்துக்கு அடியில், தரையோடு ஒட்டி ஓடுகிற மாதிரி ஒரு குரல். மேஜையைச் சுற்றி இருக்கிற பன்னிரண்டு பேருக்குக் கேட்கும், பதின்மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. நடந்து போகிறவர்கள், நாங்கள் பேசாமல் வேலை செய்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருத்தி ஓட்டை பீஸைக் கண்டுபிடிப்பாள். “அண்ணாச்சி வந்துட்டாரு” என்பாள். ஓட்டைக்கு எங்கள் மேஜையில் அண்ணாச்சி என்று பெயர். உடனே பேச்சியம்மாள் கதையை நிறுத்திவிடுவார். அடுத்து என்ன நடந்தது என்பதை ஓட்டையைக் கண்டுபிடித்தவள் சொல்ல வேண்டும். அதுதான் அவர் போட்ட சட்டம். ராசாவைக் குதிரையிலிருந்து தள்ளலாம். ராணியை ஓடிப்போக விடலாம். என்ன சொன்னாலும் அதை வாங்கிக்கொண்டு, கதை கெடாமல் அவர் மேலே கொண்டுபோவார்.

பிறகு கேட்க வேண்டுமா? கதையைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமே என்று ஒவ்வொருத்தியும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டை தேடினோம். எங்கள் மேஜையைத் தாண்டி ஒரு டேமேஜ் பீஸ் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ராசா பூட்டிய கிணறு

அந்த நாளில் எங்களுக்குச் சூப்பர்வைசர் மருதாசலம் அண்ணன். கெட்டவர் இல்லை. ஆனால் புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவர். அதில் ஒரு மிதப்பு இருக்கும் இல்லையா, அது இருந்தது.

ஒரு கோடையில், பெண்கள் கக்கூஸுக்குப் போய் நேரத்தைப் போக்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அவர் இடுப்பில். போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். ஓர் ஆம்பிளையிடம் போய் அந்தச் சாவியைக் கேட்க எங்களில் யாருக்கு வாய் வரும்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது, இன்னொருத்தி வலி தாங்காமல் அழுதாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் என் கையில் ஓர் ஓட்டை பீஸ் வந்தது. அக்குளுக்குக் கீழே, சின்ன ஓட்டை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் கதையை நிறுத்தியிருந்தார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நான் சொன்னேன். “அப்ப அந்த ராசா ஊர்க் கெணத்தப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டானுங்க.”

பேச்சியம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பீஸை எடுத்து விரித்தார்.

“பூட்டுனாம்லா? சாவி நாளுக்கு நாள் கனக்க ஆரம்பிச்சிட்டு. மொத நாள் ஒரு படி கனம். மறுநாள் ஒரு மரக்கா கனம்.”

மூன்று நாள் அந்தக் கதை ஓடியது. ராசாவால் படுக்க முடியவில்லை, சாவி குத்தியது. குளிக்க முடியவில்லை, வேட்டியை அவிழ்த்தால் சாவியை யாராவது எடுத்துவிடுவார்களே என்று பயம். அரண்மனையில் எல்லாரும் அவனை விட்டு ஒரு அடி தள்ளி நின்று பேசினார்கள். கடைசியில் குனிந்து செருப்பைப் போடக்கூட முடியாமல் போனது. அன்றைக்கு மட்டும் பேச்சியம்மாள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். மருதாசலம் அண்ணன் எங்களுக்குப் பின்னால் நின்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பாமல் ஒரே பக்கத்தில் வெகுநேரம் எழுதினார்.

நாலாம் நாள் காலையில் பூட்டு இல்லை. கொண்டியையே கழற்றியிருந்தார்கள்.

கதையில் ராசாவை என்ன செய்வது என்று நாங்கள் துடித்துக்கொண்டிருந்தோம். யானையை விட்டு மிதிக்க வைக்கலாம் என்று ஒருத்தி தயாராக ஓட்டை தேடினாள். பேச்சியம்மாள் விடவில்லை. “தெறந்துட்டாம்லா, போதும். திருந்துனவன கதையில வச்சு அடிக்கப்பிடாது,” என்று சொல்லி, ராசாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு பெயர் நடந்த தூரம்

அதற்குப் பிறகு எங்களுக்குக் குறை என்று ஒன்று இருந்தால் அது கதைக்குள் போய்விடும். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாது, கதைதானே. யாரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது, ராசாதானே.

மற்றக் கம்பெனிகளுக்கும் செய்தி போனது. பெண்கள் வேலை மாறிப் போகிறபோது பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மண்ணரையில் வரிசை வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டுக்காரர் ஒருவர் தண்ணீர் மோட்டாரை அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவார். “உங்கள பேச்சியம்மா கதையில ஏத்தீருவோமுங்க” என்று குடியிருந்த பெண் ஒருத்தி சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் விசாரித்தாராம், “அந்தம்மா எந்தக் கட்சிங்க?” என்று. மறுநாள் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது.

இப்போது பஸ் நிறுத்தாத கண்டக்டருக்கும் அது சொல்லப்படுகிறது. குடித்துவிட்டு வரும் புருஷனுக்கும் சொல்லப்படுகிறது. சாமளாபுரத்தில் என் தங்கை, திருப்பூர்ப் பக்கமே வேலைக்கு வராதவள், தறிக்குடோனில் சண்டை வந்தால் அதைச் சொல்கிறாள். பீகாரிலிருந்து வந்த பெண்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது “பேச்சி கோ போல் தூங்கி!” என்று கத்துகிறார்கள். பேச்சியிடம் சொல்லிவிடுவேன் என்று அர்த்தம். முதல்முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

பெயர் பெரிதாகப் பெரிதாக ஆளும் பெரிதாகிவிட்டார். ஏழு நாள் ஏழு ஷிப்ட் ஒரே கதையைச் சொன்னாராம். அவர் கதையைக் கேட்டு மெஷினே நின்றுவிட்டதாம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான், எனக்கே தெரியாத அதிசயங்கள். கரண்டு போயிருக்கும், வேறென்ன.

எங்கள் அயர்னிங் செக்‌ஷன் பெண் ஒருத்தியின் வீட்டுக்காரர் திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிறவர். மிச்சக் கல்லில் பேச்சியம்மாளைச் செய்து தருகிறேன் என்று ஆசையாக வந்தார். போட்டோ இல்லை, முகத்தைச் சொல்லுங்கள் என்றார். ஒருத்தி ஒல்லி என்றாள், ஒருத்தி நல்ல வாட்டசாட்டம் என்றாள். மூக்குத்தி இடதா வலதா என்பதில் பெரிய சண்டையே வந்தது. மூக்குத்தியே போட்டதில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்த மனிதர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நிஜத்தில் பதினோரு வருடம் எங்கள் கம்பெனியில் வேலை செய்தார். கண் மங்கிப்போனதும் மகளோடு ஊருக்குப் போய்விட்டார். நான் தபால்வழியில் பட்டம் படித்து, செக்கிங்கை விட்டு மேலே ஆபீசுக்கு வந்துவிட்டிருந்தேன். அவர் இறந்த செய்தி போனில் வந்தபோது ஷிப்மென்ட் நேரம். நான் போகவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கையெழுத்து விழாத தாள்

ஆடிட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

மருதாசலம் அண்ணன் இப்போது எங்கள் மேனேஜர். தலை நரைத்துவிட்டது, மிதப்பெல்லாம் எப்போதோ இறங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மிணி, செத்துட்டாங்கன்னா போன வாரம் பேசுனது யாருன்னு கேப்பாங்க. ஒரு லெட்டர் எழுதீருங்க. அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யறதில்ல, செஞ்சதுமில்லைன்னு. செக்கிங் மேஜையில இருக்கற பன்னெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி ஆடிட்டரம்மாகிட்டக் குடுத்தரலாம்.”

“செஞ்சதுமில்லைன்னு எதுக்குங்ணா? செஞ்சாங்கல்ல?”

“செஞ்சாங்கன்னா ரெஜிஸ்டர் எங்கேம்பாங்க. அந்த ரெஜிஸ்டர்ல எங்கிருக்குது அவிங்க பேரு?”

இல்லைதான். அந்தக் காலத்தில் செக்கிங் பெண்களைக் கான்ட்ராக்டர் கூட்டிவருவார். எந்த நோட்டிலும் பெயர் ஏறாது. எனக்கே முதல் மூன்று வருடம் ஏறவில்லை. பேச்சியம்மாளுக்குக் கடைசிவரை ஏறவில்லை.

நான் எழுதினேன். “பேச்சியம்மாள் என்ற பெயரில் எவரும் இந்நிறுவனத்தில் பணிபுரியவில்லை, இதற்குமுன் பணிபுரிந்ததும் இல்லை என்று உறுதி கூறுகிறோம்.” நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பேரின் வேலையைக் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பு.

செக்கிங்குக்கு இறங்கிப்போனேன். நான் உள்ளே நுழைந்ததும் மேஜையில் பேச்சு நின்றது. தாளை ஜெசிந்தாவிடம் நீட்டினேன். ஜெசிந்தா சாத்தான்குளத்துக்காரி, பேச்சியம்மாள் இருந்த கடைசி இரண்டு வருடம் அதே மேஜையில் வேலை செய்தவள். நிதானமாகப் படித்தாள்.

“யக்கா, இப்பம் இல்லன்னு எழுதுங்க, போடுதோம். எப்பமும் இல்லன்னு எப்படி எழுதுவிய?”

“ஒரு காகிதம்தானே ஜெசிந்தா?”

“காகிதம்தான். அதுல பொய்ல்லா இருக்கு.”

“கம்பெனி மூடினா பரவாயில்லையா உங்களுக்கு?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரல் மேலே போய்விட்டது. “நாலு மணிக்குள்ள இது வேணும். பன்னெண்டு பேரும் போடறீங்க.”

அவள் தாளை மடிக்காமல், கசக்காமல், அடுத்தவளிடம் கொடுத்தாள். அது மேஜையைச் சுற்றிப் போனது. ஒவ்வொருத்தியும் வாங்கிப் பார்த்தாள், தமிழ் படிக்கத் தெரியாத பிங்கி உட்பட. பிங்கி பீகார்ப் பெண், வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தவளில்லை. அவளாவது போடுவாள் என்று பேனாவை நீட்டினேன்.

“வேணாம் அக்கா,” என்றாள்.

தாள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கையெழுத்தும் இல்லாமல் என்னிடம் திரும்பி வந்தது. வேலை போய்விடும் என்று தெரிந்துதான் மறுத்தார்கள். இறந்துபோன ஒருத்திக்காக, பாதிப்பேர் பார்த்தேயிராத ஒருத்திக்காக. என் கோபம் வடிந்துவிட்டது. அந்த மேஜையிலிருந்து வந்தவள் நான். அவர் இருந்ததேயில்லை என்று எழுதியவளும் நான்தான்.

“நான், மேடம்”

திரும்பினால் வாசலில் ஆடிட்டர் மேடம் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மருதாசலம் அண்ணன், முகம் வெளுத்துப்போய். நாலு மணிவரை காத்திருக்கிற ஆடிட்டர் உண்டா என்ன? என் சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும்.

“இங்கே யாரு பேச்சியம்மாள்?” என்று மேஜையைப் பார்த்து நேராகக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது, கரிசல் ஊரிலிருந்தா, பூட்டிலிருந்தா என்று யோசிப்பதற்குள் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிங்கி எழுந்து நின்றிருந்தாள், கையில் பிசிர் வெட்டுகிற கத்திரியோடு.

“நான், மேடம்.”

ஆடிட்டர் மேடம் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். “உங்க பேரு பிங்கி குமாரின்னு இருக்கே?”

“பேரு பிங்கி. இந்த மாசம் பேச்சியம்மா நான். போன மாசம் ஜெசிந்தா அக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடிட்டர் மேடம் என்னைப் பார்த்தார். சத்தியமாக எனக்குத் தெரியாது. ஜெசிந்தாதான் விளக்கினாள். பேச்சியம்மாள் ஊருக்குப் போன மறுநாளிலிருந்தே அந்த ஸ்டூலில் மாதம் ஒருத்தியாக உட்காருகிறார்களாம். உட்காருகிறவள்தான் அந்த மாதத்துக்குப் பேச்சியம்மாள். அவள்தான் கதை சொல்ல வேண்டும். யாருக்கு என்ன குறை இருந்தாலும் ஓட்டை பீஸ் கையில் வரும்போது அவளிடம் சொல்லிவிடுவார்கள். நான் இறங்கிவந்தால் கதையை நிறுத்திவிடுவார்கள். ஆபீசர் வந்தால் நிறுத்தத்தானே வேண்டும். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் என் காதில் விழாததற்கு அதுதான் காரணம்.

ஆடிட்டர் மேடம் நோட்டைத் திறந்தார். ஜெசிந்தாவின் பெயரைப் பார்த்தார், பிங்கியின் பெயரைப் பார்த்தார். இரண்டும் ரெஜிஸ்டரில் இருந்தன. ஒளித்துவைத்த ஆள் யாருமில்லை.

“சரி, கதையில சொல்றீங்க. அது மேனேஜ்மெண்டுக்கு எப்படித் தெரியும்?”

பிங்கி கத்திரியை நீட்டி வாசலைக் காட்டினாள். “அண்ணா தினம் வரும். பின்னாடி நிக்கும். கேக்கும்.”

மருதாசலம் அண்ணன் தரையைப் பார்த்தார். பதினோரு மணி டீ முடிந்ததும் அவர் தினம் செக்கிங் பக்கம் போய் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். குவாலிட்டி பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். போன மாதம் அயர்னிங்கில் புது ஃபேன் மாட்டியபோது, இவருக்கு எப்படித் திடீரென்று தோன்றியது என்றுகூட ஆச்சரியப்பட்டேன்.

“இந்தில சொன்னா உங்களுக்குப் புரியுதுங்களா?” என்று ஆடிட்டர் மேடம் அவரைக் கேட்டார்.

“அந்தப் புள்ள ரெண்டும் கலந்துதானுங்க சொல்லுது. புரியறதுக்கு வேணுங்கற அளவுக்குப் புரியுதுங்க.”

ஆடிட்டர் மேடம் முதல்முறையாகச் சிரித்தார். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் அவர் கண் என் கையில் இருந்த தாள் மேல் போனது. வாங்கிப் படித்தார்.

“பணிபுரிந்ததும் இல்லைன்னு இருக்கு. கீழே யாரும் கையெழுத்துப் போடலை. எது உண்மை?”

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது பொய்ங்க மேடம்,” என்றேன். “பதினோரு வருசம் இங்க வேலை செஞ்சாங்க. ரெஜிஸ்டர்ல ஏத்தலை.”

அவர் நோட்டை மூடினார். “பழைய விஷயம் என் ஆடிட்ல வராது. ஆனா எழுதிக் குடுத்தீங்கன்னா ஃபைல்ல வெச்சுதான் ஆகணும். பின்னால யாராவது எடுத்துக் கேள்வி கேட்கலாம். யோசிச்சுக்கோங்க.”

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். வேறொரு தாளை எடுத்து, செக்கிங் மேஜையிலேயே குனிந்து நின்று எழுதினேன். பேச்சியம்மாள் இந்நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் பதினோரு வருடம் வேலை செய்தார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றப்படவில்லை. எங்கள் குறைகளைச் சொல்ல எங்களுக்கு வழி செய்தவர் அவர். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மேனேஜர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. மருதாசலம் அண்ணனிடம் நீட்டினேன். முதலாளிக்குப் போன் போடுவார், இல்லையென்றால் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு என் வரிகளுக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்.

“அப்போது செக்கிங் சூப்பர்வைசராக இருந்து, பெயரை ஏற்றாமல் விட்டவன் நான்.”

கையெழுத்துப் போட்டார்.

“இனிஷியல் இல்லையே,” என்றார் ஆடிட்டர் மேடம்.

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஊரெல்லாம் தெரிந்த பெயர், இனிஷியல் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

“மு. போட்டுக்குங்க,” என்றார் மருதாசலம் அண்ணன். “முத்தையா மக. ரெஜிஸ்டர்ல ஏத்தலாம்னு ஒருக்கா நானே கேட்டு எழுதி வெச்சனுங்க. அப்பறம் ஏத்தலீங்க.”

நான் அந்த எழுத்தைப் பெயருக்கு முன்னால் சேர்த்தேன். ஆடிட்டர் மேடம் வாங்குவதற்குக் கையை நீட்டினார். அதற்குள் ஜெசிந்தா குறுக்கே புகுந்து தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இருங்க மேடம். இப்பம் நாங்க போடுதோம்.”

இருந்தது ஒரே ஒரு பேனா. அது மேஜையைச் சுற்றி நிதானமாக வந்தது. பிங்கி இந்தியில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. பக்கத்து மேஜைக்காரிகளும் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். தாளின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்குப் போனது. ஆடிட்டர் மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நாலு மணி மீட்டிங்கை நாலரைக்குத் தள்ளிவைக்கும்படி மருதாசலம் அண்ணனிடம் சொன்னார்.